இரண்டு பிஸ்ரனும் ஒரு கானும்: 58 சி.சி. செயின்சோ ஒன்றின் எரிபொருள் கலவை பற்றிய நிகழ்வு ஆய்வு

நெடுங்கேணிப் பக்கம் காணி துப்புரவாக்கவும் விழுந்த மரம் அரியவும் ஓடிய 58 சி.சி. செயின்சோ ஒன்று பதினான்கு மாதத்துக்குள் இரண்டு தரம் இறுகி நின்றது. முதல் தரம் பிஸ்ரனும் றிங்கும் மாற்றி, "ஒயில் காணாது, கூட விடுங்கோ" என்று சொல்லிக் கொடுத்தனுப்பினார்கள். உரிமையாளரும் சொன்னபடி கூட விட்டார். ஐந்து மாதம் ஓடியது. பிறகு கச்சான் காற்று அடிக்கும் ஆடி மாதத்தில், காணிக்குள் விழுந்து கிடந்த பாலை மரம் ஒன்றை மத்தியான வெயிலில் துண்டு போட்டுக்கொண்டிருக்கையில் திரும்பவும் பிடித்துவிட்டது.

"குறைய விட்டாலும் பிடிக்குது, கூட விட்டாலும் பிடிக்குது. அப்ப நான் என்னதான் அண்ணை செய்யிறது?" என்று அவர் கேட்டது நியாயமான கேள்விதான். வன்னியில் திருத்த வரும் செயின்சோக்களில் பாதிக் கதை இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. இந்த மெசினில் விடை தேட வசதியாக ஒரு விடயம் அமைந்தது: முதல் தரம் கழற்றிய பிஸ்ரனை அவர் எறியாமல் பேப்பரில் சுற்றி வைத்திருந்தார். மெசினோடு சேர்த்து, பெற்றோல் கலக்கும் கானையும், அளக்கும் போத்தலையும், ஒயில் போத்தலையும் மூடி உட்படக் கொண்டுவரச் சொன்னபோது அந்தப் பழைய பிஸ்ரனும் கூடவே வந்தது. மெசினை மட்டும் பார்த்துக் காரணம் சொல்வது, என்ன சாப்பிட்டார் என்று கேட்காமல் நோயாளிக்கு மருந்து கொடுப்பது போன்றது. கலவைக் கோளாறு என்றால் சாட்சி கானுக்குள்தான் இருக்கும்.

இரண்டு பிஸ்ரனும் அருகருகே

சைலன்சரைக் கழற்றினாலே புகை வெளியேறும் வாய்வழியாகப் பிஸ்ரனின் ஒரு பக்கம் தெரியும். சிலிண்டரைக் கழற்றாமல் செய்யக்கூடிய முதல் சோதனை இதுதான். இரண்டு ஆணியும் ஐந்து நிமிடமும் போதும். இந்த மெசினில் அந்த வாய்க்குள் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக உராய்வு தெரிந்தது. சிலிண்டரையும் கழற்றியபோது மற்றப் பக்கம், அதாவது காபரேற்றர் பக்கம், கிட்டத்தட்டப் புதுசு. தொழிற்சாலை கடைசல் வரிகள்கூட அழியவில்லை. மேல் றிங் புகைவாய்ப் பக்கத்தில் தன் காடிக்குள் கரி இறுகி அசையாமல் இருந்தது. பிஸ்ரன் தலையில் கறுப்புக் கரி தடிப்பாகப் படிந்திருந்தது; நகத்தால் கீறினால் பொரியாக உதிர்ந்தது. புகைவாயின் ஓரங்களும் கரியால் சுருங்கியிருந்தன. சைலன்சரின் பொறி வலை ஏறத்தாழ முழுதாக அடைபட்டிருந்தது.

பழைய பிஸ்ரன் வேறு கதை சொன்னது. உராய்வு சுற்றிவர நாலு பக்கமும் இருந்தது, காபரேற்றர் பக்கம் உட்பட. தலையில் கரி மிகக் குறைவு. பிஸ்ரனின் கீழ்ப்பாகமான பாவாடையின் உட்புறத்தைத் துணியால் துடைத்தால் ஒயில் பசையே இல்லை.

இந்த வேறுபாடு தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இரண்டு அடி (ரூ ஸ்ரோக்) எஞ்சினில் கிராங்குக்கும் பெயறிங்குக்கும் பிஸ்ரனுக்கும் தனி ஒயில் இல்லை. பெற்றோலோடு கலந்து வருவதுதான் எல்லாம். கலவையில் ஒயிலே இல்லாவிட்டால் சிலிண்டர் சுவர் முழுவதும் காயும், உராய்வு சுற்றிவர விழும். ஒயில் இருந்தும் வெப்பம் மிஞ்சினால் முதலில் அகப்படுவது புகைவாய்ப் பக்கம், ஏனெனில் அங்கேதான் எரிந்த வாயு சூடாக வெளியேறுகிறது. காபரேற்றர் பக்கத்தைப் புதுக் கலவை குளிர்த்திக்கொண்டே இருக்கும். காபரேற்றர் பக்கம் மட்டும் மங்கல் சாம்பல் நிறமாகத் தேய்ந்திருந்தால் ஒயிலைக் குற்றம் சொல்லக்கூடாது, கிழிந்த எயார் பில்டர் வழியாகச் செம்மண் தூசு போயிருக்கிறது என்று பொருள்.

ஆக, ஒரே மெசினில் இரண்டு வெவ்வேறு சாவு. முதலாவது ஒயில் இல்லாத சாவு. இரண்டாவது வெப்பத்தால் வந்த சாவு. முதலாவதற்குச் சொன்ன மருந்துதான் இரண்டாவதை இழுத்து வந்தது.

முதல் தரம் நடந்தது

உரிமையாளரிடம் விசாரித்தபோது முதல் இறுகலுக்கு முன்னர் அவர் கலந்த அளவு தெரிந்தது: ஒரு சாராயப் போத்தல் பெற்றோலுக்கு ஒயில் போத்தல் மூடியால் நாலு மூடி. மூடியில் தண்ணீர் விட்டு ஊசிக்குழாயால் உறிஞ்சி அளந்தால் 8 மி.லீ. வந்தது. நாலு மூடி 32 மி.லீ. சாராயப் போத்தல் 750 மி.லீ. கணக்குப் பார்த்தால் இருபத்துமூன்றரைக்கு ஒன்று. இந்த மெசினின் கையேடு கேட்பது 25:1, அதாவது லீற்றருக்கு 40 மி.லீ., போத்தலுக்கு 30 மி.லீ. குத்துமதிப்பாக விட்டாலும் மனிதர் சரியாகத்தான் விட்டிருக்கிறார்.

பிறகு எப்படி ஒயில் இல்லாமல் போனது? தோட்டத்துக் கொட்டிலில் ஒரே மாதிரி வெள்ளைக் கான் மூன்று. ஒன்றில் மோட்டார்சைக்கிளுக்கும், தண்ணீர் இறைக்கும் பம்பியை ஸ்ராட் பண்ணவும் வெறும் பெற்றோல். ஒன்றில் பம்பி ஓட மண்ணெண்ணெய். ஒன்றில் செயின்சோக் கலவை. இறுகிய அன்று கலவை முடிந்து, மகன் ஓடிப்போய் எடுத்துவந்தது "மற்றக் கான்". ஒரு தாங்கிக்கு 550 மி.லீ. பிடிக்கும் மெசின், வெறும் பெற்றோலில் அந்தத் தாங்கி முடியுமுன்னரே பிடித்துவிடும். ஒயில் "காணாமல்", அதாவது போதாமல், போகவில்லை; எஞ்சினுக்குள் ஒயிலே போகவில்லை. அந்த வித்தியாசத்தை முதல் திருத்தத்தில் யாரும் கேட்கவில்லை.

மண்ணெண்ணெய்க் கானை எடுத்திருந்தால் இன்னும் மோசம். மண்ணெண்ணெயின் ஒக்டேன் பெற்றோலைவிட மிகக் குறைவு. சூடான சிலிண்டருக்குள் பிளக் பொறி எரிய வைக்கும் அதே வேளையில் தானாகவும் வெடிக்கும், பிஸ்ரன் தலையில் சுத்தியலால் தட்டுவதுபோலக் கேட்கும். கலப்படத்தால் கொஞ்சம் சேர்ந்தாலும் முழுப் பாரத்தில் அது தெரியும்.

கானில் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் கடதாசிச் சோதனை போதும். வெள்ளைக் கடதாசியில் ஒரு துளி விட்டு நிழலில் வைக்க வேண்டும். வெறும் பெற்றோல் என்றால் சில நிமிடங்களில் காய்ந்து தடயமே இல்லாமல் போகும். ஒயில் கலந்திருந்தால் வெளிச்சத்துக்குப் பிடிக்கும்போது பளபளவென்று ஒரு வட்டம் மிஞ்சும், ஒயிலின் சாயமும் ஓரத்தில் தெரியும். மண்ணெண்ணெய் என்றால் நெடுநேரம் ஈரமாகவே நின்று மணக்கும். நிறத்தை மட்டும் நம்பக்கூடாது. ஒரு கம்பனி ஒயில் சிவப்பு, இன்னொன்று நீலம், வேறொன்று பச்சை. சாயத்துக்குப் பொது ஒழுங்கு கிடையாது. அது கலந்திருக்கிறதா என்று பார்க்க உதவும், எவ்வளவு கலந்திருக்கிறது என்று சொல்லாது.

கூட விட்ட ஒயில்

"கூட விடுங்கோ" என்ற பிறகு நாலு மூடி ஆறு மூடியாகியது. 48 மி.லீ., 750 மி.லீ. பெற்றோலுக்கு. பதினைந்தரைக்கு ஒன்று.

கூட ஒயில் விட்டால் பாதுகாப்புத்தானே, புகை கொஞ்சம் வரும், அவ்வளவுதான் என்ற எண்ணம் ஊரெல்லாம் உண்டு. அதில் மறைந்திருக்கும் சங்கதி இது: காபரேற்றரின் ஓட்டை அளந்து விடுவது கலவையை, பெற்றோலை அல்ல. ஒரு துளிக்குள் ஒயில் கூடினால் அதே துளிக்குள் பெற்றோல் குறைகிறது. இருபத்துமூன்றரைக்கு ஒன்றில் கலவையின் 95.9 வீதம் பெற்றோல். பதினைந்தரையில் 94 வீதம். ஒயில் தடிப்பானதால் சின்ன ஓட்டைக்குள்ளால் போகும் அளவும் கொஞ்சம் குறையும். காற்று குறையவில்லை. எனவே ஒயில் கூடக் கூட எஞ்சினுக்குப் போகும் காற்று-பெற்றோல் சேர்க்கை வறளும், எரிதல் சூடாகும். இந்த இரண்டு வீதம் தனியே ஒரு மெசினைக் கொல்லாது என்பதையும் சொல்ல வேண்டும். ஒயிலுக்குப் பழியைத் தூக்கிப்போட்டுவிட்டு எழும்பக் கூடாது. இங்கே அது தனியே வரவில்லை.

கூடின ஒயில் முழுதாக எரியாமல் கரியாகியது. புகை கூடியது, பிளக் கறுத்து நனைந்தது, வெட்டும்போது இழுவை குறைந்தது. உரிமையாளர் பிளக்கைக் கழற்றி ஊரில் ஒருவரிடம் காட்டினார். பிளக் கறுப்பு என்றால் பெற்றோல் கூடிப்போச்சு, ஸ்குரூவை இறுக்க வேண்டும் என்பது மோட்டார்சைக்கிளில் படித்த பாடம். அவர் திருப்புளியை எடுத்து காபரேற்றரின் எச் ஸ்குரூவை உள்ளே திருகினார். புகை குறைந்தது. சுற்று ஏறியது, சத்தம் மெலிந்து கூராகியது. "இப்பதான் மெசின் ஓடுது" என்று எல்லோருக்கும் திருப்தி.

இந்த இடம்தான் இந்த நிகழ்வின் நடு. பிளக் கறுத்தது பெற்றோலால் அல்ல, ஒயிலால். பெற்றோல் ஏற்கனவே தேவைக்குச் சற்றுக் குறைவு. அதை மேலும் இறுக்கியாயிற்று. மேசையில் எச் ஸ்குரூவை மெதுவாக அடி தொடும்வரை எண்ணித் திருகியபோது முக்கால் சுற்றுத்தான் திறந்திருந்தது. இந்த வகைக் காபரேற்றருக்குத் தொடக்க நிலை ஒன்றேகால் சுற்று அளவு. எச் ஸ்குரூ முழு வேகத்தில் போகும் எரிபொருளைக் கட்டுப்படுத்துவது. அதை இறுக்கினால் ஒரே நேரத்தில் மூன்று நடக்கும்: சேர்க்கை வறளும், சுற்று எல்லை மீறும், கூடவே எரிபொருளோடு வரும் ஒயிலும் குறையும். வெறும் காற்றில் அலறும் மெசின் பலமானது அல்ல. அது தாகத்தில் கத்துகிறது.

அதற்கு மேல் பாலை மரம். பாலை, வீரை, முதிரை மூன்றும் இங்குள்ள வன்மரங்களில் சொல்லத்தக்கவை. வாள் போகும் வேகம் குறைவு, முழுத் திறப்பில் நிமிடக்கணக்காகப் பாரம். இந்த மெசினில் 22 அங்குலப் பார், செயின் மழுங்கி வெட்டுத்தூள் சீவலாக வராமல் மாவாக வந்திருக்கிறது. மழுங்கிய செயினை அழுத்தி வெட்டுவது எஞ்சினைத் தேவையில்லாமல் சூடாக்கும். புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் பக்க மரம் என்றால் உள்ளே புதைந்த போர்க்காலச் செல் துண்டு பட்டு ஒரே வெட்டில் செயின் போவதும் உண்டு. அங்கு வேலை செய்பவர்கள் அரத்தைப் பையிலேயே வைத்திருப்பார்கள். சிலிண்டர் செட்டைகளுக்கு இடையில் ஒயிலும் மரத்தூளும் சேர்ந்து களிபோல அடைந்திருந்ததையும் சேர்த்தால், வெப்பம் வெளியேற வழியே இருக்கவில்லை.

இறுகியதற்கு உடனடிக் காரணம் வறண்ட சேர்க்கையா, புகைவாயிலிருந்து உதிர்ந்த கரித்துண்டா என்று கேட்டால், அந்தப் பிஸ்ரனில் இரண்டையும் பிரிக்க முடியாது. றிங் கரியில் ஒட்டியதும், வெப்பமும், உராய்வும் ஒரே பக்கத்தில்தான். பிரிக்கத் தேவையும் இல்லை, இரண்டுக்கும் மூலம் ஒன்று.

ஒயில் போத்தலில் ஒரு எழுத்து

அளவை மட்டும் பார்த்து விட்டிருந்தால் இன்னொரு தவறு தப்பியிருக்கும். இரண்டாவது தரம் பாவித்த ஒயில், முல்லைத்தீவுக் கரையில் தொழில் செய்யும் மச்சான் கொடுத்தது. போத்தலில் பாதி கிழிந்த லேபலில் "ரி.சி.-டபிள்யூ3" என்றிருந்தது. ரூரி ஒயில்தான் (2T, இரண்டு அடி எஞ்சினுக்கானது), நல்ல ஒயில்தான், ஆனால் படகின் வெளியிணைப்பு மோட்டாருக்கு.

அந்த 'டபிள்யூ' என்பது தண்ணீர். கடல் நீரை இறைத்துத் தன்னைக் குளிர்த்திக்கொள்ளும் மோட்டாருக்கான அமெரிக்கக் கடல்துறைத் தரம் அது. அந்த மோட்டாரின் சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடுவதால் அது மிதமான சூட்டில் ஓடும். செயின்சோவின் சிலிண்டர் தலை வெறும் காற்றில் 200 பாகை செல்சியசை அண்டும். படகு ஒயிலில் சாம்பல் தரும் உலோகச் சேர்க்கைகள் விடப்படுவதில்லை. பிளக் கெடாமல், மெதுவாக இழுக்கும் படகுக்கு அது வேண்டும். ஆனால் மிகுந்த சூட்டில் றிங் காடியைக் கழுவிச் சுத்தமாக வைத்திருக்கும் வேலையை அந்தச் சேர்க்கைகள்தான் செய்கின்றன. அவை இல்லாவிட்டால் ஒயில் றிங்கைச் சுற்றி அரக்காக இறுகும். நாம் கண்டது அதுதான்.

குழப்பத்துக்கு வசதியாக, வெறும் "ரி.சி." என்றும் ஒரு தரம் உண்டு. அது காற்றால் குளிரும் எஞ்சினுக்கானது, செயின்சோவுக்கு ஆகும். ஒரு எழுத்துத்தான் வித்தியாசம். கடையில் கேட்கும்போது "ரூரி ஒயில்" என்று மட்டும் கேட்காமல் போத்தலின் பின்பக்கத்தில் ஜப்பான் தரமான ஜாசோ எழுத்தைப் பார்த்து வாங்குவது மேல். எவ்.பி. தாழ்ந்தது, எவ்.சி. புகை குறைந்தது, எவ்.டி. அதே குறைந்த புகையோடு சூட்டிலும் கரி பிடிக்காமல் கழுவும் திறன் கூடியது. செயின்சோவுக்கு எவ்.டி. கிடைத்தால் அதுதான், இல்லாவிட்டால் எவ்.சி. ஓட்டோவுக்கென்று சில்லறையில் அளந்து விற்கும் பெயரில்லாத ஒயிலைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது, ஆகவே வாங்கவும் கூடாது.

மோட்டார்சைக்கிளின் 20டபிள்யூ-50 ஒயிலை விடுபவர்களும் இருக்கிறார்கள். அது எரிவதற்காகச் செய்யப்பட்டதல்ல. எரிந்தால் சாம்பல் விட்டு பிளக்கைப் பாலமிட்டு மூடும், பெற்றோலோடு ஒழுங்காகக் கலக்காமல் கான் அடியில் படியும். முதல் தாங்கி ஒயில் குறைவாக, கடைசித் தாங்கி ஒயில் குழம்பாகப் போகும்.

எந்த விகிதம்?

ஸ்டில் மெசின்களுக்கு அந்தக் கம்பனியின் சொந்த ஒயிலோடு 50:1, வேறு ரூரி ஒயில் என்றால் 25:1 என்று கையேடு சொல்கிறது. ஹஸ்க்வார்ணாவுக்குச் சொந்த ஒயிலோடு 50:1, வேறு என்றால் 33:1. நம் பக்கம் பரவலாக உள்ள 52, 58 சி.சி. சீன மெசின்களில் பெரும்பாலும் 25:1. ஒருவர் 50:1 இல் பத்து வருடம் ஓடுகிறார் என்பது இன்னொருவரின் மெசினுக்குச் சட்டமல்ல. அவரது ஒயிலும் அவரது மெசினும் வேறு.

மி.லீ. கணக்கில் சொன்னால், லீற்றர் பெற்றோலுக்கு 50:1 என்பது 20 மி.லீ., 40:1 என்பது 25, 33:1 என்பது 30, 25:1 என்பது 40. சாராயப் போத்தலால் அளப்பவருக்கு இவை முறையே 15, 19, 23, 30. ஐந்து லீற்றர்க் கானுக்கு 100, 125, 150, 200. லீற்றர்க் கணக்கைக் காதில் கேட்டுவிட்டுப் போத்தலில் விடுவதுதான் வழக்கமான பிசகு: லீற்றருக்கு 40 என்று கேட்டவர் போத்தலுக்கு 40 விட்டால் அது பத்தொன்பதுக்கு ஒன்று.

விகிதத்தை விட முக்கியம், எந்த விகிதம் என்று தீர்மானித்த பிறகு அதை மாற்றாமல் இருப்பது. மாற்றினால் எச் ஸ்குரூவையும் மறுபடி ஒத்துப்பார்க்க வேண்டும். 25:1 இல் ஒத்த மெசினுக்கு 50:1 விட்டால் சேர்க்கை சற்றுச் செழிக்கும். 50:1 இல் ஒத்ததற்கு 25:1 விட்டால் வறளும். ஒயிலைக் கூட்டுவது எப்போதும் பாதுகாப்பான பக்கம் என்று இருந்துவிட முடியாததன் காரணம் இதுதான்.

பெற்றோலில் இங்கு பெரிய தெரிவு இல்லை. நிரப்பு நிலையங்களில் 92, 95 இரண்டும் உண்டு. கையேடுகள் பெரும்பாலும் கேட்பது 90, ஆகவே 92 போதும். 95 விட்டதால் ஒயில் பிழை மன்னிக்கப்படாது. பெற்றோலின் வயதுதான் கவனிக்க வேண்டியது. 2022 தட்டுப்பாட்டின்போது கானில் சேர்த்து வைத்துப் பழகிய கை இன்னும் பலரை விடவில்லை. வெயிலில் கிடக்கும் மெல்லிய பிளாஸ்ரிக் போத்தலிலிருந்து இலேசாக ஆவியாகும் பகுதி முதலில் போய்விடும். மிஞ்சியது புளித்த வார்னிஷ் மணத்தோடு நிற்கும், ஸ்ராட் பிடிக்காது, காபரேற்றரின் றப்பர் விரிசவ்வை இறுக்கும். கலந்ததை ஒரு மாதத்துக்குள் முடிக்க வேண்டும், வைகாசி-ஆவணி வெயிலில் அதற்கும் முன்னர். எனவே இரண்டு மூன்று நாள் வேலைக்கு வேண்டியதைக் கலந்தால் போதும்.

திருத்தம்

சிலிண்டர் சுவரில் பிஸ்ரனின் அலுமினியம் ஒட்டியிருந்தது, சுவர் கீறப்படவில்லை. நகத்தை வைத்து இழுத்தால் தட்டியது மேலே ஒட்டியதுதான், பள்ளம் அல்ல. பள்ளம் என்றால் சிலிண்டரும் போயிருக்கும். சிலர் இதற்குக் கழிப்பறை அமிலம் பூசுவார்கள். மலிவான சிலிண்டர்களில் உள்பூச்சு குரோம் ஆக இருந்தால் அந்த அமிலம் பூச்சையே தின்னும், அதனால் இங்கே 400 ஆம் இலக்க எமரித் தாளை ஒயிலில் நனைத்து விரலால் குறுக்கும் மறுக்குமாகத் தேய்த்து எடுத்தோம். அரை மணித்தியாலம் பிடித்தது. புகைவாய்க் கரியை மரச் சீவலால் சுரண்டினோம். இரும்பால் சுரண்டினால் ஓரம் கீறும். சைலன்சர் வலையை அடுப்பில் சுட்டுக் கரியை எரித்துத் தட்டினால் புதுசுபோல வரும்.

புதுப் பிஸ்ரன் 45.2 மி.மீ., தலையில் உள்ள அம்புக்குறி புகைவாயைப் பார்க்க வேண்டும். மாறிப் போட்டால் றிங்கின் வாய் சிலிண்டரின் திறப்பில் மாட்டி முதல் ஸ்ராட்டிலேயே முறியும். கட்ஜன் ஊசிக் கிளிப் இரண்டையும் புதிதாகப் போட்டோம். காற்றுக் கசிவுதான் வறட்சிக்குக் காரணமா என்பதையும் ஒதுக்கிவிட வேண்டியிருந்தது: உள்வாய் றப்பர், அழுத்தக் குழாய், கிராங் சீல் மூன்றும் அரை பார் அழுத்தத்தில் சவர்க்கார நுரையோடு சோதித்தும் குமிழி வரவில்லை. எரிபொருள் வடியையும் பிளக்கையும் மாற்றினோம், பிளக் இடைவெளி 0.6 மி.மீ.

காபரேற்றரின் எல் (குறைந்த வேகத்துக்கான ஸ்குரூ), எச் இரண்டையும் ஒன்றேகால் சுற்றில் வைத்துத் தொடங்கினோம். எஞ்சின் சூடாகி, எயார் பில்டர் சுத்தமாக, செயின் கூராக இருக்கும்போதுதான் எச் ஒத்துப்பார்க்க வேண்டும். முழுத் திறப்பில், மரத்தில் வைக்காமல் இரண்டு மூன்று விநாடி மட்டும் விட்டால் சத்தம் சற்றுத் தடுமாறி "பொர் பொர்" என்று கேட்க வேண்டும். மரத்தில் வைத்ததும் அந்தத் தடுமாற்றம் மறைந்து சீராக இழுக்க வேண்டும். மரத்தில் வைத்தும் பொருபொருத்தால் சேர்க்கை செழித்தது, எட்டில் ஒரு பங்கு உள்ளே. வெளியிலேயே சுத்தமாகக் கூவினால் வறண்டது, உடனே வெளியே. இந்த மெசினுக்கு ஒன்றும் மூன்றில் ஒரு பங்கும் சரிவந்தது. மெதுவோட்டத்தில் செயின் சுற்றக்கூடாது. சுற்றினால் மூன்றாவது ஸ்குரூவால், அதாவது மெதுவோட்ட ஸ்குரூவால், வேகத்தைக் குறைக்க வேண்டும்.

கலக்கும் முறை

செயின்சோக் கானுக்குச் சிவப்புக் கயிறு ஒன்று கைபிடியில் கட்டிவிட்டோம், பெயின்ரில் "வாள்" என்று எழுதியும். மற்ற இரண்டு கானும் கொட்டிலின் அடுத்த மூலைக்கு. முதலாவது பிஸ்ரனைக் காப்பாற்றியிருக்கக்கூடியது இந்தக் கயிறுதான், ஒயில் அல்ல.

அளக்க ஒரு லீற்றர்க் குறியிட்ட குடுவையும், மருந்துக்கடையில் வாங்கும் 20 மி.லீ. ஊசிக்குழாய் ஒன்றும். ஊசியைக் கழற்றி எறிந்துவிடலாம். மூடிக் கணக்கு வேண்டாம். கம்பனிக்குக் கம்பனி மூடி மாறும், அடுத்த போத்தலோடு விகிதமும் மாறிவிடும். கானை நிலத்தில் வைத்து, வேண்டிய பெற்றோலில் பாதியை விட்டு, ஒயில் முழுவதையும் விட்டு, மூடிக் குலுக்கி, மீதிப் பெற்றோலை விட்டு மறுபடி குலுக்க வேண்டும். ஒயிலை முதலில் வெறும் கானில் விட்டால் மூலையில் ஒட்டி நிற்கும். லான்ட்மாஸ்ரர் (இரண்டு சில்லு உழவு மெசின்) பெட்டிக்குள் கானை வைத்துக்கொண்டு நிரப்பக் கூடாது, பிளாஸ்ரிக்கில் உராய்ந்து நிற்கும் மின்னேற்றம் பொறி விடும். ஒவ்வொரு தரமும் தாங்கிக்கு விடுமுன் கானை ஒருக்கால் குலுக்க வேண்டும். மெசின் சூடாக இருக்கையில் மூடியைத் திறக்காமல் பத்து நிமிடம் ஆறவிடுவது நல்லது. நம் வெயிலில் தாங்கிக்குள் ஆவி அழுத்தம் நிற்கும், திறந்தால் பெற்றோல் சூடான சைலன்சரில் தெறிக்கும்.

செயின் ஒயில் வேறு தாங்கி, 260 மி.லீ. எரிபொருள் ஒரு தாங்கி முடியும்போது அதுவும் கிட்டத்தட்ட முடிந்திருக்க வேண்டும். முடியாவிட்டால் செயினுக்கு ஒயில் போகவில்லை. கராஜில் வடித்த கழிவு ஒயிலை இதற்கு விடுவது இங்கு வழக்கம். அதிலுள்ள இரும்புத்தூள் ஒயில் பம்பியைத் தேய்க்கிறது. பனை அரிபவர்களுக்கு இது இருமடங்கு முக்கியம், பனையின் வைரநார் செயினையும் பாரையும் அரம்போலத் தின்னும்.

பிறகு

முதல் மூன்று தாங்கியும் வேம்பு, கொய்யா போன்ற மெல்லிய கிளைகளில் ஓட்டச் சொல்லிக் கொடுத்தோம். பாலையின் மிச்சம் காத்திருக்கட்டும். ஜாசோ எவ்.டி. ஒயில், லீற்றருக்கு 40 மி.லீ., பேனையால் கானிலேயே எழுதியது. உரிமையாளருக்கு அது கொஞ்சம் குறைவாகத்தான் பட்டது. "அண்ணை, ஒரு அஞ்சு மில்லி கூட விட்டால் ஒண்டும் செய்யாதே?" என்று போகும்போது கேட்டார். ஐந்து ஒன்றும் செய்யாது, ஆனால் ஐந்து பத்தாகி, பத்து மூடியாகும் என்று பதில்.

பத்தாவது தாங்கிக்குப் பிறகு சைலன்சரைக் கழற்றிப் பார்த்தபோது பிஸ்ரன் பக்கத்தில் கடைசல் வரிகள் தெளிவாக இருந்தன, றிங் இரண்டும் மரக்குச்சியால் அழுத்தினால் உள்ளே போய்த் திரும்பின. பிளக் நுனி செங்கல்லும் கோப்பியும் சேர்ந்த நிறம். பொறி வலையின் ஒரு மூலையில் மட்டும் கரி பிடிக்கத் தொடங்கியிருந்தது. அடுத்த பார்வை இருபதாவது தாங்கியில்.